முன் சீட்டு யாருக்கு?

கச்சிராயபாளையம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மருமகனுக்கு,

சென்னையில் ஆப்பைப் பார்த்து வண்டி ஓட்டினது போதும் என்று நீ முடிவு பண்ணிவிட்டதாக உன் அம்மா போனில் சொன்னாள். கடன் போட்டு ஏழு பேர் உட்காரும் வண்டி எடுத்தாயிற்று, மஞ்சள் போர்டும் போட்டாயிற்று, இனி கல்வராயன் மலைக்கு ஒருநாள் சுற்றுலாதான் தொழில் என்றாள். சந்தோஷம். சொந்த வண்டி போர்டிலேயே வாடகைக்கு ஓட்டும் குறுக்கு வழிக்குப் போகாமல் பர்மிட்டோடு ஆரம்பித்தாய் பார், அதற்கே உன்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. “ஒரே நாளில் 11 இடங்கள்” என்று போட்டிருக்கிறாய். நான் எண்ணிப் பார்த்தேன். கோமுகி அணை, பெரியார் அருவி, மேகம் அருவி, கரியாலூர் படகுத்துறை, வெள்ளிமலை என்று போகிறது. அப்புறம் மூன்று இடத்துக்கு “வியூ பாயின்ட்” என்று மட்டும் எழுதியிருக்கிறாய். வளைவில் வண்டியை ஓரங்கட்டிப் போட்டோ எடுக்கச் சொல்வதற்கு அது ஒரு பெயர், அவ்வளவுதானே? கடைசி வரியில் “வழிகாட்டி தனியாகத் தேவையில்லை, ஓட்டுநரே வழிகாட்டி” என்கிறாய். இந்தக் கடிதமே அந்த வரிக்காகத்தான்.

நான் மஸ்கட்டில் பத்து வருஷம் வண்டி ஓட்டியது உனக்குத் தெரியும். யாரை வைத்து, எங்கே ஓட்டினேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தத் தொழிலைப் பற்றி நாம் முன்னாலேயே பேசியிருக்கலாம். நான் பார்த்ததும் இதே தொழில்தான். ஒரு குடும்பம், ஒரு வண்டி, ஒரு நாள். மஸ்கட்டில் காலை ஏழு மணிக்கு ஏற்றினால் குரியாத் வழியாக சூர் வரை போய் இருட்டியதும் திரும்புவோம். போக மட்டும் இருநூறு கிலோமீட்டர் வரும். இடது பக்கம் நீலமாகக் கடல், வலது பக்கம் பேருக்குக்கூட மரம் இல்லாத ஹஜர் மலை. பாலைவனம் நேராக வந்து கடலில் கால் நனைக்கிற மாதிரி இருக்கும். முதல் ஒரு மாதம் எனக்கே அலுக்கவில்லை.

அந்த இருநூறு கிலோமீட்டரில் எத்தனை இடத்தில் நிறுத்துவோம் தெரியுமா? நாலு. பிம்மா பள்ளம், வாதி ஷாப், கல்ஹாத், சூர். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் எழுதி வைத்த பழைய துறைமுகப் பட்டணம் கல்ஹாத். 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது அங்கே நிற்பது பீபி மரியம் கல்லறை மண்டபமும் இடிந்த சுவர்களும்தான். அதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும் என்பான் எங்கள் வழிகாட்டி. அவன் ஓமானி. அவன் ஊர் திவி, வாதி ஷாப்புக்கு அடுத்த ஊர். வண்டியில் முன் சீட்டு அவனுடையது. நான் ஓட்டுவேன், அவன் பேசுவான். பாதி நேரம் அவன் பேசாமலும் வருவான். அதற்கும் சேர்த்துத்தான் அவனுக்குச் சம்பளம் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

பிம்மா பள்ளம் என்பது கிணறு மாதிரி ஒரு பெரிய குழி. படி இறங்கிப் போனால் அடியில் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர் கிடக்கும். காலை விட்டால் பொடி மீன்கள் வந்து கடிக்கும். வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்து உண்டான பள்ளம் என்று அவன் பாட்டி சொல்வாளாம், அரபியில் பெயரே அந்த அர்த்தம்தான். அதைச் சொல்லி முடித்துவிட்டு, சுண்ணாம்புப் பாறை உள்ளே கரைந்து மேல்கூரை சரிந்ததால் வந்த குழி என்பதையும் சொல்வான். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வான். பாட்டியைக் கேலி செய்ததும் இல்லை, கேட்பவரை ஏமாற்றியதும் இல்லை. நம் மலையிலும் கதைகளுக்குப் பஞ்சமில்லை, நீயும் அந்தக் குரலைப் பழகிக்கொள்.

வாதி என்றால் காட்டாறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் கூழாங்கல்லும் குட்டையுமாகத்தான் கிடக்கும். ஆனால் வாதி ஷாப்பில் எப்போதும் தண்ணீர் உண்டு. வாசலில் சின்னப் படகில் அக்கரை சேர்ப்பார்கள், போய்வர ஒரு ரியால். அப்புறம் முக்கால் மணி நேரம் நடந்து, நீந்தி, ஒரு குகைக்குள் போனால் அருவி. ஒரு ஏப்ரல் மாதம் நாலு பேர் கொண்ட குடும்பத்தைக் கூட்டிப்போனோம். வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. வண்டியை வழக்கம்போல் பெரிய சாலைப் பாலத்துக்கு அடியில் நிழலில் நிறுத்தினேன். எல்லாரும் அங்கேதான் நிறுத்துவார்கள்.

வழிகாட்டி இறங்கிப் படகுக்காரர்களோடு டீ குடிக்கப் போனான். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, “இன்றைக்கு உள்ளே வேண்டாம்” என்றான். அந்த வீட்டுத் தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. வானத்தைக் காட்டினார், கட்டிய பணத்தைச் சொன்னார், கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனியில் இருந்த மேலாளரும் எங்களைத்தான் திட்டினார். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. படகுகளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னான். பார்த்தேன். இரண்டு பேர் ஒரு படகைக் கரையில் இழுத்து மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பல வருஷமாக அந்த இடத்துக்குப் போய்வரும் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்காது.

சூருக்குப் போய் மரக்கலம் கட்டும் பட்டறையைக் காட்டினோம். மலபார்த் தேக்கு கடல் கடந்து போய்க் கப்பலான ஊர் அது. மாலையில் அதே பாலத்தின் மேல் வரும்போது கீழே பார்த்தோம். செம்பழுப்பாகத் தண்ணீர் கரைமுட்டிப் போகிறது. முழுப் பேரீச்சை மரம் ஒன்று உருண்டுகொண்டு வந்தது. காலையில் நான் வண்டி நிறுத்திய இடமே தெரியவில்லை. மலை உச்சிப் பக்கம் எங்கேயோ பெய்த மழை அது, எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. மஸ்கட் வரும்வரை வண்டியில் யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது நம் மலைக்கு வா. கல்வராயன் என்ன ஓமானா என்று கேட்பாய். கச்சிராயபாளையத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டும். கல்படை, பொட்டியம் ஆறுகளில் வருவதெல்லாம் மேலே பெய்த மழைதான். அதுதான் கோமுகி அணையின் 46 அடியையும் நிரப்புகிறது. அங்கிருந்து மணிமுத்தாற்றில் சேர்ந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. ஆகவே காலையில் மலை ஏறும் முன் அணையில் வண்டியை நிறுத்து. அது முதல் “இடம்” என்பதற்காக இல்லை, வரும் தண்ணீரின் நிறம் பார்ப்பதற்காக.

நிறம் பார்ப்பது நீயாக இருந்தால் போதாது. இங்கே நான் ஆட்களைக் கூட்டிப்போகும்போது என்னோடு வருகிற ஒருவர் இருக்கிறார், கரியாலூர்ப் பக்கத்துக்காரர், சாமையும் குச்சிக்கிழங்கும் போடுகிற விவசாயி. போன ஐப்பசியில் சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அருவிக்குக் கூட்டிப்போனோம். பிள்ளைகள் பாறை மேல் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஓரமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தவர், இரண்டு இழுப்பில் அணைத்துவிட்டு எழுந்தார். “கரையேறச் சொல்லுங்க.” ஏன் என்று கேட்டேன். தண்ணீரைக் காட்டினார். அதுவரை தெளிவாக வந்த தண்ணீரில் மக்கின சருகு கொத்துக்கொத்தாக மிதந்து வந்தது. மேலே காட்டுத் தரையை மழை கழுவுகிறது என்று அர்த்தம். பிள்ளைகளை ஏற்றித் தலை துவட்டி முடிப்பதற்குள் அவர்கள் உட்கார்ந்திருந்த பாறை முழுகிவிட்டது. வெள்ளம் வந்தால் வனத்துறை தடை போடும், வாசலில் ஆள் நிற்பார். ஆனால் தடை வருவதற்கு முந்தின கால் மணி நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் முன் சீட்டில் ஒரு மலைக்காரர் வேண்டும் என்கிறேன்.

“அவருக்குக் கொடுக்கும் கூலி என் லாபத்தில் பாதி” என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். கணக்குச் சரிதான். ஆனால் இந்த மலைக்குக் கூலி விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் வாங்கி முப்பது வருஷம் ஆகப் போகும்போதுதான், 1976 ஜூன் 25-ல், அரசாங்கம் இதைத் தன் கையில் எடுத்தது. அதுவரை ஜாகிர்தார் நிலத்தில் கூலி இல்லாமல் உழைத்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இப்போது நாம் வழி கேட்கிறவர்கள். அவர்களிடம் பேரம் பேசாதே. காலையில் வண்டி ஏறும்போதே காசைக் கையில் கொடு. மத்தியானம் நீ சாப்பிடும் இடத்தில், உன் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சாப்பிட வேண்டும். பார்சலை நீட்டி மரத்தடிக்கு அனுப்பும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வருகிறவர்களுக்கு இன்னொன்றும் புரிய வைக்க வேண்டும். இவர்கள் மலையாளிகள் என்று நீ சொன்னதும், “கேரளாவிலிருந்து வந்தவர்களா?” என்று பத்தில் எட்டுப் பேர் கேட்பார்கள். மலையை ஆள்கிறவர்கள் என்கிற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களே வழிவழியாகச் சொல்கிறார்கள். இதை நீ சொல்லாதே, முன் சீட்டில் இருப்பவர் சொல்லட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, “இங்கேதானே காய்ச்சுகிறார்கள்?” என்ற கேள்வியும் வருகிறது. அதே சமயம்தான் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, இந்த மலைக்குச் சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று அரசைக் கேட்டது. ஒரு கேள்வி வந்தால் மற்றதையும் எடுத்துச் சொல். வேடிக்கை பார்க்க மட்டும் எங்கும் நிறுத்தாதே.

ஒரு களத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சாமை அடித்துக் காயப்போட்டிருந்தார்கள். வந்திருந்த பையன் ஒருவன் செல்பி எடுக்க ஷூவோடு உள்ளே போய்விட்டான். வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் ஆள் ஒன்றும் பேசாமல் களத்து ஓரத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்து போய்ப் பையன் தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார். பையனுக்குப் புரிந்துவிட்டது, திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். நான் பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி உனக்குச் சொல்ல அதிகமில்லை. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கினால் மூன்றாவது வளைவில் பிரேக் தீய்ந்த வாடை வரும். மலையில் பாதி இடத்தில் செல்போன் டவர் கிடையாது, அதனால் கிளம்பும் முன் எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போ. ரயிலில் வருகிறவர்களைச் சின்னசேலம் ஸ்டேஷனில் ஏற்றிக்கொள்ளலாம், அது உனக்கு நல்ல வருமானம்.

போனில் விசாரிக்கிறவர்களிடம் உள்ளதைச் சொல். ஐப்பசி, கார்த்திகையில் பெரியார் அருவி கொட்டும். சித்திரையில் கேட்டால், “நூல் மாதிரிதான் விழும், கரியாலூர்க் காற்றுக்கு வேண்டுமானால் வாருங்கள்” என்று சொல். ஒருவர் வராமல் போவார், இன்னொருவர் உன் நம்பரைச் சேமித்து வைத்துக்கொள்வார். மேகம் அருவிக்கு இறங்கி ஏற முழங்கால் வேண்டும். பாட்டி தாத்தாவோடு வருகிற குடும்பம் என்றால் அதை எடுத்துவிடு. வழியில் பாட்டிலில் விற்கும் தேன் எல்லாம் மலைத்தேன் இல்லை, வாங்குவதானால் நம் ஆளைக் கேட்டு வாங்கச் சொல். ஆக, நோட்டீஸில் 11-ஐ அடித்துவிட்டு 4 என்று போடு. அணை, ஒரு அருவி, கரியாலூர், ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சாமைச் சோறு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், வந்து நின்றதும் பொங்கிப்போட அது ஓட்டல் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா. சவாரி பிடிக்காதே, காலியாக வா. அவரிடம் பேசிவிட்டேன், ஆறரைக்கு அணைக்குப் பக்கத்தில் நிற்பார். முன் சீட்டைத் துடைத்து வை. நானும் உன் அத்தையும் பின்னால் உட்கார்ந்து வருகிறோம். அவளுக்குக் கொண்டை ஊசி வளைவு ஆகாது, கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மாமன்