திருயாத்திரையும் விழிப்பும்

யூலை 2ஆம் திகதித் திருவிழாவும் ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவும் நெருங்கும்போது மடுவுக்குப் போகும் குடும்பங்களில் ஆயத்தங்கள் தொடங்கிவிடும். அரிசி, பருப்பு, பாய், படங்கு, பிள்ளைகளின் உடுப்பு என்று எல்லாவற்றையும் நினைத்து நினைத்துக் கட்டும் நாம், காசையும் அடையாள அட்டையையும் எப்படிக் கொண்டுபோவது என்பதை மட்டும் பஸ் ஏறும் நேரத்தில்தான் யோசிக்கிறோம். "மாதாவிடம் போகிறோம், அவ பார்த்துக்கொள்ளுவா" என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறவர்களும் உண்டு. அந்தச் சொல்லில் உள்ள விசுவாசத்தை நாம் குறைகூறப் போவதில்லை. ஆனால் விசுவாசம் கவனயீனத்துக்கு ஒரு சாட்டாகலாமா?

இக்கேள்விக்கு மறுமொழி தேடுவோர் பழைய ஏற்பாட்டில் எஸ்ரா நூலின் 8ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்க வேண்டும். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஒரு பெருங்கூட்டம் புறப்படுகிறது. ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். வழியிலே கள்வர் பயம். அவர்களிடம் இருந்ததோ 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன், இன்னும் ஆலயத்துக்குரிய பாத்திரங்கள். அரசனிடம் காவலுக்குக் குதிரைவீரரைக் கேட்க எஸ்ராவுக்கு வெட்கமாயிருந்தது. ஏனெனில் இறைவன் தம்மை நாடுவோரைக் காப்பார் என்று அவரே அரசனிடம் சொல்லியிருந்தார். எனவே அகவா ஆற்றங்கரையில் எல்லாரும் நோன்பிருந்து மன்றாடினார்கள்.

கதை அவ்விடத்தில் முடிந்திருந்தால், "மாதா பார்த்துக்கொள்ளுவா" என்பவர்களின் பக்கமே வழக்கு வென்றிருக்கும். ஆனால் நோன்பு முடிந்ததும் எஸ்ரா செய்த காரியத்தைப் பாருங்கள். தலைமைக் குருக்களில் பன்னிருவரைத் தெரிந்தெடுத்து, வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து அவர்கள் கையில் ஒப்படைக்கிறார். எருசலேமில் ஒப்புவிக்கும்வரை விழிப்பாயிருந்து காக்கும்படி கட்டளையிடுகிறார். அங்கு போய்ச் சேர்ந்த நான்காம் நாள் எல்லாம் மீண்டும் எண்ணப்பட்டு, நிறுக்கப்பட்டு, நிறை எழுதி வைக்கப்படுகிறது. ஒரு கையில் செபம், மறு கையில் தராசு. குருக்களை நம்பாமலா எஸ்ரா நிறுத்தார்? அல்ல, கணக்கு இருந்தால்தான் பின்னர் ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டி வராது.

எமது யாத்திரைக்கு இதைப் பொருத்துவது கடினமன்று. கொண்டுபோகும் காசை வீட்டிலேயே எண்ணி ஒரு துண்டில் எழுதுங்கள். முழுவதையும் ஒருவரின் மடியில் வைக்காமல் இரண்டு மூன்று பேரிடம் பிரித்துக் கொடுங்கள். நேர்த்திக்காசு தனியாக ஒரு உறையில், உடுப்புக்கு உட்புறமாக இருக்கட்டும். பஸ் ரிக்கற்றுக்கும் தேநீருக்கும் வேண்டிய சில்லறையை வேறாக வைத்தால், சனத்தின் நடுவே பெரிய காசுக்கட்டை வெளியே எடுக்கும் தேவை வராது. எவன் எங்கே காசு வைத்திருக்கிறான் என்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவனவன் கையே.

முடிச்சுமாறி என்னும் எமது பழஞ்சொல்லே இக்களவின் வரலாற்றைச் சொல்கிறது. வேட்டி மடியிலும் சேலை முந்தானையிலும் காசை முடிந்து வைத்த காலத்தில், அந்த முடிச்சைக் குறிவைத்தவன் அவன். இன்று முடிச்சுப் போய், பின்பக்கப் பொக்கெற்றும் தோளில் தொங்கும் பையும் கைத்தொலைபேசியும் வந்துவிட்டன; தொழில் மாறவில்லை. இவர்கள் தனித்து வருவது குறைவு. ஒருவன் பஸ் மிதிபலகையில் ஏறி, எதையோ தவறவிட்டவன்போல் சட்டென்று நிற்பான். பின்னால் வருபவன் உங்களை நெருக்குவான். நெருக்கத்தில் நீங்கள் "தம்பி, தள்ளாதையும்" என்று சினந்து திரும்பும்போது மூன்றாமவன் அலுவலை முடித்துவிடுவான். எடுத்த பொருள் அந்த நிமிடமே நாலாமவன் கைக்குப் போய்விடும். ஆகவே நீங்கள் எவனைப் பிடித்தாலும் அவனிடம் ஒன்றும் இராது. "முடிச்சுமாறிகள் கவனம்" என்ற அறிவித்தலைக் கண்டதும் நாம் எல்லாரும் ஒருமுறை பணப்பையைத் தொட்டுப் பார்க்கிறோமல்லவா? அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அதைவிட வேறு உதவி வேண்டியதில்லை.

திருத்தலங்களில் இவர்களுக்கு வாய்ப்பான வேளைகள், எமது பக்தி மிகுந்திருக்கும் வேளைகளேயாகும். திருச்சுருபப் பவனி நெருங்கும்போது எல்லாக் கண்களும் ஒரே திசையில் நிற்கும். ஆசீர் வழங்கும்போது கைகள் குவிந்திருக்கும். நற்கருணை வாங்கப் போகும்போது கைப்பையைப் பாயில் விட்டுவிட்டு எழும்புகிறவர்கள் பலர். பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. பையைக் கையோடு கொண்டுபோகலாம், அல்லது குடும்பத்தில் ஒருவர் இருந்து பின்னர் போகலாம். மரநிழலில் கூடாரமடித்துத் தங்குவோர் முழுப்பேரும் ஒன்றாகக் கோவிலுக்குப் போகாமல் முறைவைத்துப் போவது எமது பாட்டன் பாட்டிமார் செய்த வழக்கந்தான். தங்கச் சங்கிலியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அதை வீட்டிலும் தனியே விட்டுவராமல், நம்பிக்கையான இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

கைவிரலால் எடுக்கிறவனைவிட வாய்ச்சொல்லால் எடுக்கிறவன் பொல்லாதவன். அவனைப் பற்றிய பாடம் யோசுவா நூலின் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கிபயோனியர் அண்டை அயலில் வாழ்ந்தவர்கள். தூரதேசத்தார்போல் நடித்து யோசுவாவிடம் உடன்படிக்கை பெற வருகிறார்கள். கிழிந்து தைத்த திராட்சைரசத் தோற்பைகள், ஒட்டுப்போட்ட செருப்புகள், காய்ந்து பூஞ்சணம் பிடித்த அப்பம். இஸ்ரயேலருக்குத் தொடக்கத்தில் சந்தேகம் எழத்தான் செய்தது. நீங்கள் எங்கள் நடுவில் வாழ்பவர்களாயிருக்கலாமே என்று கேட்டார்கள். அதற்குக் கிபயோனியர் சொன்ன மறுமொழியில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் கடவுளின் புகழைக் கேள்விப்பட்டே வந்தோம் என்றார்கள். பக்தியான சொல் காதில் விழுந்ததும் சந்தேகம் ஓடிவிட்டது. தலைவர்கள் அப்பத்தைப் பார்த்தார்கள், ஆண்டவரிடம் கேட்கவில்லை என்று நூல் குறிப்பிடுகிறது. ஏமாற்றுக்காரர் கொண்டுவந்த சான்றையே சோதித்துவிட்டு, விசாரித்தாயிற்று என்று எண்ணினார்கள். மூன்று நாள் பொறுத்திருந்தால் உண்மை தானே தெரிந்திருக்கும். உடன்படிக்கை செய்து மூன்று நாளில்தான் அது தெரியவந்தது.

இந்த மூன்று நாள் பொறுமையை மோசக்காரன் எங்களுக்கு ஒருபோதும் தரமாட்டான். "இப்பவே கட்டினால்தான் இடம் கிடைக்கும்", "அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன, என்னோடு வாருங்கள்", "உங்கள் வங்கிக் கணக்கு இன்னும் பத்து நிமிடத்தில் பூட்டப்படும், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்." அவசரம் அவனுடையது, எங்களுடையதல்ல. கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எந்த வங்கியும் கேட்பதில்லை. கேட்டவன் வங்கிக்காரன் அல்லன், அவ்வளவுதான்.

பக்தியைப் போர்வையாக்கி வருபவர்களைப் பற்றிக் கத்தோலிக்கர் சில சட்டங்களை அறிந்திருப்பது நல்லது. அநாதை இல்லத்துக்கென்றும் கோவில் கட்டுவதற்கென்றும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பஸ் தரிப்பிடத்தில் நிற்பவரை எப்படி மதிப்பது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1265ஆம் சட்டத்தின்படி, பக்தி நோக்கத்துக்காகக் காசு சேர்க்கும் எந்தத் தனியாளுக்கும் தமது மறைமாவட்ட அதிகாரியினதும், சேர்க்கும் இடத்து அதிகாரியினதும் எழுத்து மூல அனுமதி வேண்டும். இரந்து வாழும் துறவியருக்கு மட்டும் தனி உரிமை உண்டு. ஆகவே, "ஆயரின் கடிதத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. உண்மையானவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். அதேபோல் 1190ஆம் சட்டம் புனிதர்களின் திருப்பண்டங்களை விற்பதை முற்றாகத் தடுக்கிறது. எனவே திருப்பண்டம் விலைக்கு என்று எவனாவது நீட்டினால், அது போலியாக இருந்தாலும் பிழை, உண்மையாக இருந்தாலும் பிழை.

உரோமாபுரிக்கும் லூர்துக்கும் போகிறவர்கள் இன்றைக்கு எம்மவரில் பலர். ஐரோப்பாவில் வாழும் பிள்ளைகளிடம் போகும் பெற்றோர் அப்படியே யாத்திரையும் செய்துவிடுகிறார்கள். உரோமையில் தெர்மினி புகையிரத நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் இலக்க பஸ், யாத்திரிகருக்கு எவ்வளவு பெயர்போனதோ முடிச்சுமாறிகளுக்கும் அவ்வளவு பெயர்போனது. புனித பேதுரு பேராலயத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. புதன்கிழமைகளில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கான சீட்டும் இலவசமே. லூர்துத் தண்ணீருக்கும் விலையில்லை. இவற்றை விற்க வருபவனுக்கு நாம் கொடுப்பது காணிக்கையாகாது. கையெழுத்துக் கேட்டு மட்டையை நீட்டுபவர்களிடமும், கேட்காமலே கையில் நூல் கட்ட வருபவர்களிடமும் நில்லாமல் நடவுங்கள்.

இவையெல்லாவற்றிலும் பார்க்கப் பெருந்துன்பம் தருவது பயண முகவர் என்ற பெயரில் நடக்கும் மோசம். வயற்காணியை ஈடுவைத்து, தாயின் தாலிக்கொடியை விற்று, யாத்திரை விசாவில் ஐரோப்பா போய் அங்கேயே நின்றுவிடலாம் என்று ஒருவன் சொன்னதை நம்பிக் காசு கட்டும் குடும்பங்களை எந்தப் பங்கிலும் காணலாம். முகவர் கள்ளனாயிராவிட்டாலுங்கூட, யாத்திரை என்று சொல்லி விசா எடுப்பது பொய்தான் என்பதையும் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கணினி வேலை, நல்ல சம்பளம் என்று கூட்டிச்செல்லப்பட்டு, மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைத்துவைக்கப்பட்ட இலங்கையர் பலர் 2023, 2024ஆம் ஆண்டுகளில் மீட்கப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கணினியில் மற்றவர்களை ஏமாற்றுவது!

தோபித்து நூலின் 5ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் இருக்கிறார். கண் தெரியாதவர், வறுமைப்பட்டவர். மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் ஒப்படைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவர மகனை அனுப்ப வேண்டும். அந்தக் காசுக்கு எழுத்து இருந்தது. இருவரும் கையொப்பமிட்டு, பாதிப் பாதியாக வைத்திருந்தார்கள். மகனுக்கு வழித்துணையாக வந்தவரிடம் அவர் ஊர், குலம், தகப்பன் பெயர் எல்லாம் கேட்கிறார். நாட்கூலியும் முன்கூட்டியே பேசப்படுகிறது. வந்தவர் இரபேல் வானதூதர்! (அவர் அப்போது தம் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பது வேறு விடயம்.) வானதூதரிடமே இவ்வளவு விசாரணை நடந்திருக்க, முகநூலில் கண்ட ஒருவனிடம் நாம் பற்றுச்சீட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறோம். வெளிநாட்டு வேலையென்றால், 1985இல் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். காசு கட்டுவதற்கு முன்னர் கேட்க வேண்டும். பின்னர் கேட்டு என்ன பயன்?

ஏமாந்தவரை வீட்டில் எப்படி நடத்துகிறோம் என்பது பலரும் பேசாத காரியம். பணப்பையைப் பறிகொடுத்த தகப்பனையும், தொலைபேசியில் ஏமாந்த பாட்டியையும் பிள்ளைகள் ஏசுகிறார்கள். ஏச்சுக்குப் பயந்து அவர்கள் மறைக்கிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கள்ளனுக்கு இலாபம். வங்கி அட்டையை உடனே நிறுத்தியிருந்தால் மிச்சக் காசாவது தப்பியிருக்கும். களவு போனதும் செய்ய வேண்டியவை இவை: முதலில் வங்கிக்கு அறிவித்தல், அடுத்து பொலிஸ் முறைப்பாடு, அவசரமென்றால் 119. முறைப்பாட்டின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த அடையாள அட்டைக்குக் கிராம அலுவலரிடம் போகும்போது அது வேண்டும். கடவுச்சீட்டு தமிழகத்தில் தொலைந்தால் அங்குள்ள பொலிஸில் முறையிட்டுவிட்டு, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தை நாட வேண்டும். கடவுச்சீட்டின் பிரதியொன்றை வீட்டிலும் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் பாதியாகும்.

எச்சரிக்கை எங்கள் மனதைக் கல்லாக்கிவிடவும் கூடாது. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் பாதை கள்வர் நிறைந்ததென்று சமாரியருக்கும் தெரிந்தே இருந்தது, இருந்தும் இறங்கினார். வழியில் கை நீட்டுபவர் எல்லாரும் வேடக்காரர் அல்லர். காசு கொடுக்கத் தயக்கமானால் ஒரு சாப்பாட்டுப் பொதி வாங்கிக் கொடுக்கலாம். சந்தேகத்தில் பிடிபட்டவனைச் சனம் கூடி அடிப்பதும் கத்தோலிக்கருக்கு அடாத செயல். சற்று முன்னர் சொன்னதுபோல, பிடிபட்டவனிடம் பொருள் இராது. ஆதலால் அடிவாங்குபவன் குற்றமற்றவனாகவும் இருக்கலாம். அவன் கள்ளனேயானாலும், அவனைப் பொலிஸில் ஒப்படைப்பதோடு எமது வேலை முடிகிறது.

கண்டெடுத்த பணப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழாம் கட்டளை எடுத்தவனை மட்டுமல்ல, கண்டெடுத்து வைத்துக்கொள்பவனையும் கேள்வி கேட்கும். திருத்தல அலுவலகத்திலோ பொலிஸ் காவலரணிலோ கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர்கள் பணப்பை கிடைத்தது என்று மட்டும் சொன்னால் போதும். நிறத்தையும் உள்ளிருக்கும் தொகையையும் சொல்லிவிட்டால் உரிமைகோரப் பத்துப்பேர் வந்து நிற்பார்கள். அவற்றை, தேடிவருபவரே சொல்லட்டும்.