சத்தமில்லாமல் அழுத நடிகை

தெரிந்து கொள்வோம்!

நடிகை என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஆனால் மேடை நாடகத்தில் நடித்தே உலகப்புகழ் பெற்றவர் ஹெலனே வைகல்.

இவர் 12.5.1900 அன்று ஆஸ்திரியாவில் உள்ள வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஜெர்மனிக்கு வந்து நாடகங்களில் நடித்தார். 1929-ல் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்டைத் திருமணம் செய்தார். இருவரும் பொதுவுடைமைக் கொள்கையில் பற்று உள்ளவர்கள். மக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவல் 1932-ல் பெர்லினில் நாடகமானபோது, தாயாக நடித்தவர் வைகல்தான்.

நாட்டை விட்டுப் போனது

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரி 27-ல் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. எதிர்க்கருத்து உள்ளவர்களைக் கைது செய்ய ஆரம்பித்தார்கள். மறுநாளே வைகலும் பிரெக்டும் கிளம்பிவிட்டார்கள். டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து என்று நாடு நாடாக அலைந்து, 1941-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் எந்த ஊருக்குப் போனாலும் வைத்தியம் பார்க்கலாம். ஆனால் நடிகைக்கு மொழிதானே கருவி! 1937-ல் பாரிஸ் போய், தன்னைப் போன்ற அகதிகளோடு ஜெர்மன் மொழியில் நடித்தார். அமெரிக்காவில் அதற்கும் வழியில்லை. சமைத்தார், துணி தைத்தார், பிள்ளைகள் இரண்டு பேரை வளர்த்தார். 1944-ல் வந்த ஒரு சினிமாவில் சின்ன வேஷம் கிடைத்தது. அதிலும் ஒரு வசனம்கூட கிடையாது!

திரும்பி வந்தது

போர் முடிந்த பிறகு, 1948-ல் இடிந்து கிடந்த பெர்லினுக்குத் திரும்பினார். 11.1.1949 அன்று பிரெக்ட் எழுதிய 'மதர் கரேஜ்' நாடகத்தில் தாயாக மேடை ஏறினார். போரில் வண்டி இழுத்து வியாபாரம் செய்யும் அம்மா அவள். போரை வைத்துப் பிழைக்கிறாள், அதே போரில் மூன்று பிள்ளைகளையும் இழக்கிறாள். ஒரு மகனைச் சுட்டுக் கொல்லும் சத்தம் காதில் விழும்போது, வைகல் தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலமாகத் திறந்தார். சத்தமே வரவில்லை. பார்த்தவர்கள் மறக்காத காட்சி அதுதான்.

அதே ஆண்டு 'பெர்லினர் ஆன்சாம்பிள்' நாடகக் குழு தொடங்கியது. 6.5.1971-ல் இறக்கும் வரை வைகல்தான் அதன் தலைவர்.

சுமார் 15 வருஷம் மேடை சரியாகக் கிடைக்காவிட்டாலும் நடிப்பு அவரை விட்டுப் போகவில்லை. நாட்டை விட்டு ஒருவரை விரட்டலாம், கற்ற கலையை விரட்ட முடியாது.

சிந்திக்க:
1. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சத்தம் போட்டு அழாதது ஏன்?
2. நம்மை விரட்டிய நாட்டுக்கே நாம் திரும்பிப் போவோமா?

– 9-ஆம் வகுப்பு மாணவி