பத்தடி உயரத்து வளையம்

நாம் பாடசாலையில் ஆடும் வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்தது. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தை உருவாக்கினார். இரண்டிலும் வளையம் பத்தடி உயரத்திலேயே இருக்கும்.

இவ்விளையாட்டில் நான் வியந்து படித்த வாழ்க்கை சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையினுடையது. 1985இல் பிறந்த அவர், 19 வயதில் இந்திய மகளிர் அணியின் தலைவியானார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். ஒன்பது ஆசியச் சுற்றுப்போட்டிகளில் பங்குபற்றினார். தென்னக ரயில்வேயில் பணியாற்றினார். தாயான பின்னரும் ஆடுகளத்துக்குத் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஹட்டன், நுவரெலியா தோட்டப் பகுதிகளில் மாணவியர் பலரின் விளையாட்டு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிடுகிறது. மாலைப் பயிற்சி முடிந்தால் மழை, இருட்டு, பஸ் இல்லை. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. அதற்காகப் பயிற்சியையே நிறுத்த வேண்டியதில்லை. பாடசாலை விட்டவுடன் பயிற்சியைத் தொடங்கலாம். ஒரே தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பலாம். அனிதா 19 வயதில் தலைவியானார் என்றால், 16 வயதில் அவரை யாரும் நிறுத்தவில்லை என்பதே பொருள். பெற்றோரே, எங்களையும் ஆட விடுங்கள்.