ஐப்பசியில் நடக்க வரும் மருமகனுக்கு



பெங்களூரு நண்பர்களோடு மாரண்டஹள்ளிக்கு ரயிலில் வந்து, பஞ்சப்பள்ளி அணை வரை வயல்வழியே நடந்து, மறுநாள் பெட்டமுகிலாளம் மலைக்குப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனைதான். ஆனால் மாதம் ஐப்பசி. காலையில் சுள்ளென்று வெயிலடிக்கும். சாயங்காலத்துக்குள் இடியோடு கொட்டும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே மேலே மலையில் பெய்த தண்ணீர் ஓடையில் இறங்கிவிடும். முழங்காலளவுதானே என்று கலங்கல் தண்ணீரில் கால் வைக்காதே. இடி கேட்டால் புளியமரத்தடிக்கு ஓடாமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி கழித்துக் கிளம்பினால் போதும்.

மழையைவிட எனக்கு உங்கள் கூட்டத்தை நினைத்துத்தான் பயம். தனியாக வருபவன் வானம் கருத்தால் திரும்பிவிடுவான். பத்துப்பேர் சேர்ந்தால், ‘திரும்பலாம்’ என்று முதலில் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். அதனால் திரும்பும் நேரத்தை முந்தின இரவே பேசி முடித்துவிடு. பகல் ஒரு மணி என்றால் ஒரு மணிதான், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும். மூச்சு வாங்குபவரை முன்னால் விடு. அவர் நடைதான் எல்லோருக்கும் நடை.

கூட்டம் மிரண்டால் என்ன ஆகும் என்றும் யோசி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினர் மிரண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகே அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது. 2024-ல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஏற்பாடு செய்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் மலையும் அதில் உண்டு. காடு பார்க்கும் ஆசை இருந்தால் அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டமுகிலாளத்துக்குச் சாலையோடு மட்டும் போங்கள், குறுக்குவழி வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். 2023 மார்ச்சில் நம்மூர்ப் பக்கம் காளிக்கவுண்டன்கொட்டாயில் திருட்டு மின்வேலியில் மாட்டி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த குட்டிகள் இரண்டும் பிழைத்தன. யானையைச் சாய்த்த கம்பி ஆளை விடுமா? இருட்டிவிட்டால் வயல்வழியை விட்டுத் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள்.

விலை உயர்ந்த மழைக்கோட்டெல்லாம் வேண்டாம். மாற்றுத்துணி நனையாமல் இருக்க நல்ல பிளாஸ்டிக் பை போதும்.

வருபவர்களின் பெயர், வீட்டு போன் நம்பர், போகும் வழி, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதி எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. எத்தனை பேருக்குக் களி கிண்டுவது என்று அத்தை கேட்கிறாள், அதையும் சொல்லிவிடு.