பெயர் காட்டும் செடி

நுழையும்முன்

செடிகொடிகளுக்குத் தமிழர் இட்ட பெயர்களுள் பல, அவற்றை இனங்காணும் குறிப்புகளாகவும் விளங்குகின்றன. வயலோரச் சிறுசெடி ஒன்றின் வழியே அதனை அறியலாம்.

கெடிலம் ஆறு பாயும் திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பெயர்பெற்ற ஊர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களுள் பாதிரியும் ஒன்று. பாதிரி ஊருக்குப் பெயர் தந்தது. வரப்போரங்களில் வளரும் கரிசலாங்கண்ணியோ தன் இயல்பையே பெயராகக் கொண்டது. கரிசல் என்பது கருமை. இதன் தண்டையோ இலையையோ கசக்கினால், சாறு சிறிது நேரத்தில் கறுத்துவிடும்.

பூவன்று, பூக்கூட்டம்

கரிசலாங்கண்ணி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் நாம் ஒரு பூவெனக் காண்பது, சிறுமலர்கள் பல செறிந்த தலைமஞ்சரி ஆகும். கரிசலாங்கண்ணியின் வெண்ணிறத் தலைமஞ்சரி, சட்டைப் பொத்தானினும் சிறியது. அதன் விளிம்பில் நூல்போன்ற கதிர்ச் சிறுமலர்கள் நெருங்கி நிற்கும். இலைகள் நீண்டு, எதிரெதிராக அமைந்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும்.

ஒப்பிட்டு அறிதல்

இதே குடும்பத்தைச் சேர்ந்த வெட்டுக்காயப் பூண்டும் வழியோரங்களில் மிகுதியாக வளர்கிறது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடியின் பூக்காம்பு மிக நீண்டது. விளிம்பு மலர்கள் ஐந்தாறே. அவை அகன்று, நுனியில் பிளவுபட்டிருக்கும். இதன் விதைகள் இறகுபோன்ற மயிர்க்குஞ்சத்தால் காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணி விதைக்கு அக்குஞ்சம் இல்லை.

மஞ்சள் கரிசலாங்கண்ணி எனப்படுவது வேறொரு பேரினத்தைச் சேர்ந்த செடி. எனவே, பெயர் வழிகாட்டும். ஆனால் பெயர் மட்டும் போதாது. இலை, காம்பு, மலர், விதை, சாறு ஆகிய ஐந்தும் ஒத்துவந்தால்தான் இனம் உறுதிப்படும்.

வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், கரிசலாங்கண்ணியைச் சிறந்த மூலிகையாகப் போற்றினார். சித்த மருத்துவம் இதனைக் கல்லீரல் நோய்களுக்குப் பயன்படுத்துகிறது. பறிப்பவர் செடியை மாற்றிப் பறித்தால், உண்பவருக்கு மருந்து கிட்டாது. வேண்டாத ஒன்று உடலில் சேரும். ஆதலால் இனங்காணல் தாவரவியல் பாடம் மட்டுமன்று, உயிர்காக்கும் பொறுப்புமாகும்.

தெரிந்து தெளிவோம்

லின்னேயஸ் 1771ஆம் ஆண்டு கரிசலாங்கண்ணியின் பேரினத்திற்கு 'எக்லிப்டா' எனப் பெயரிட்டார். 'குறைபட்டது' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த அப்பெயர், விதையில் மயிர்க்குஞ்சம் இல்லாமையைச் சுட்டும். தமிழர் சாற்றின் நிறத்தைக் கண்டனர்; அவர் விதையின் குறையைக் கண்டார். இரு பெயர்களும் உற்றுநோக்கலில் பிறந்தவையே.