டிஜிட்டல் மிக்சர் வைத்திருப்போர் கவனத்திற்கு: உள்ளே ஒரு பற்றரி இருக்கிறது

சவுண்ட் வாடகைக்கு விடும் தம்பிமார்களும், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர்களும் இவ்வாரக் கட்டுரையைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். விடயம் சிறியது. ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டப் பற்றரி. ஆனால் அதனால் எனக்கு ஏற்பட்ட வெட்கம் சிறியதல்ல.

2022 மார்ச் மாதம். நோன்புக்கு முன்னர் கல்யாணங்களை முடித்துவிட வேண்டுமென்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மண்டபங்கள் நிறைந்திருந்த நேரம். அதே மாதத்தில்தான் மின்வெட்டும் கூடிக்கொண்டே போய், மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் என்றானது. ஒரு நாள் இரவு, கடை பூட்டும் நேரத்தில், வாடகைக்கு சவுண்ட் கொடுக்கும் ஒரு தம்பி தன் டிஜிட்டல் மிக்சரை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். முகம் செத்துப் போயிருந்தது.

"மதர்போர்ட் பெய்த்தாம் காக்கா. சிங்கப்பூரிலிருந்து எடுக்கணுமாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். வேறோர் ஊரில் திருத்துபவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னாராம். மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 300ஐ நோக்கி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த விலைக்கு போர்ட் எடுப்பதென்றால் அவர் தொழிலையே மூட வேண்டியதுதான்.

நடந்ததைக் கேட்டேன். நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர் போட்டாயிற்று. மிக்சரும் எழும்பியது. ஆனால் சற்று முன்னர் பெட்டியிலிருந்து பிரித்தது போல எல்லாம் வெறுமையாக இருந்தது. காலையில் மூன்று மணித்தியாலம் செலவழித்துச் செய்து வைத்த செட்டிங் ஒன்றும் இல்லை. மௌலவியின் முன்னால் இருந்த மைக் கண்டென்சர் வகை. அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். அதுவும் அணைந்து போய்விட்டது. மௌலவி பேசுகிறார், ஒருவருக்கும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஆளனுப்புகிறார்கள். இவர் வியர்க்க வியர்க்க ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் மிக்சரை ஜெனரேட்டரில் கொடுத்துப் போட்டேன். திரையில் முதலாவதாக வந்த வாசகமே பற்றரி குறைவு என்பதுதான். "இது எப்ப இருந்து வருது தம்பி?" என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேலாக வருகிறதாம். வயர்லஸ் மைக்கின் பற்றரியைத்தான் சொல்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் மைக்குகளுக்குப் புதுப் பற்றரி போட்டிருக்கிறார்! சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு உரிமையில்லை. அந்த மிக்சரை 2016இல் பாவித்த பொருளாக அவருக்கு விற்றவன் நான்தான்.

அவர் அன்று "எல்லாம் நல்லமா காக்கா?" என்று கேட்டார். "நல்லம்" என்றேன். பொய் சொல்லவில்லை. சத்தம் போட்டுப் பார்த்தேன், எல்லாச் சனலும் வேலை செய்தது. உள்ளே இருக்கும் பற்றரிக்கு எத்தனை வயது என்று மட்டும் பார்க்கவில்லை. குறையை மறைத்து விற்பது கூடாது என்பது நமக்குத் தெரியும். குறையைத் தேடிப் பார்க்காமலே விற்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்தப் பற்றரியின் வேலை என்ன? பழைய மிக்சரில் குமிழைத் திருப்பி விட்டால் அது திருப்பிய இடத்திலேயே நிற்கும். டிஜிட்டலில் அநேகமானவை வெறும் எண்ணாக நினைவகத்தில் இருக்கின்றன. மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த நினைவைக் காப்பது இந்தப் பற்றரி. யமஹாவின் கையேடுகளில் இதன் ஆயுள் பாவனையைப் பொறுத்துச் சராசரியாக 5 வருடம் என்றும், குறைவு என்ற அறிவித்தல் வந்தவுடன் தரவுகளைச் சேமித்துவிட்டு அவர்களது சேர்விஸ் ஆட்களிடம் மாற்றிக்கொள்ளுமாறும் எழுதியிருக்கிறது. கையேட்டை யார் வாசிக்கிறார்கள்?

இன்னொரு விடயம். மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்துக்கு மின்சாரம் மெயினிலிருந்து போகிறது. நிற்கும்போதுதான் பற்றரி செலவாகிறது. ஆகவே, பாவிக்காமல் பத்திரமாக வைத்த மிக்சரில்தான் பற்றரி முந்தித் தீரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதிலிருந்து அடுத்த வருடமும் மண்டபங்கள் எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தத் தம்பியின் மிக்சர் அவ்வளவு காலமும் அலுமாரிக்குள் பற்றரியைத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. லித்தியம் பற்றரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எச்சரிப்பதுமில்லை. கடைசி வரை 3 வோல்ட் அளவில் நின்றுவிட்டுத் திடீரென விழும்.

மாற்றும் முறைக்கு வருவோம். முதல் வேலை ஸ்குரூ ட்ரைவரை எடுப்பதல்ல, சேமிப்பது. மிக்சரைப் போட்டு, அதிலுள்ள சீன்களையெல்லாம் கொம்பியூட்டருக்கோ பென் ட்ரைவுக்கோ எடுத்துவிடுங்கள். பற்றரி முழுதாகச் செத்துவிட்டதென்றால் எடுக்க ஒன்றுமிருக்காது. புதிய மாதிரிகள் சிலவற்றில் சீன்கள் பற்றரி இல்லாமலே தங்கும், கடைசியாக இருந்த நிலையும் கடிகாரமும் மட்டும் போகும். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் எல்லாம் போகும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

பிறகு வயரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை அணைப்பது போதாது. நம் நாட்டின் 230 வோல்ட் உள்ளே போனால் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். கழற்றிய பின்னும் சிறிது நேரம் அது இருக்கும். பொறுத்துத் திறவுங்கள், அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள். மின்சாரம் கொடுத்தபடியே மாற்றினால் நினைவு அழியாது என்று சில கெட்டிக்காரர்கள் செய்கிறார்கள். நினைவு மிஞ்சும், ஆள் மிஞ்சுவாரா என்பதுதான் கேள்வி.

பற்றரியின் மேலுள்ள இலக்கத்தைப் பாருங்கள். CR என்பதற்குப் பின்னால் 2032 என்றிருந்தால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிப்பு. 2450 என்றால் 24.5 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிப்பு. 2032க்குப் பதிலாக 2025ஐப் போட்டால் மெல்லியதாகையால் ஆடும், தொடுப்பு விடும். LIR என்று தொடங்குவது சார்ஜ் பண்ணும் வகை, வோல்ட்டும் கூட. அதைப் போடவே வேண்டாம். சில மிக்சர்களில் பற்றரி கூட்டுக்குள் இருக்கும், சிலவற்றில் போர்ட்டிலேயே ஈயத்தால் பற்றவைத்திருக்கும். பற்றவைத்ததென்றால் கால் வைத்த பற்றரி வாங்கி, தெரிந்தவரிடம் கொடுங்கள். வெறும் பற்றரியின் மேல் சூட்டுக்கோலை வைத்தால் வெடிக்கலாம்.

நமது கரையோரத்தில் உப்புக்காற்று இருக்கிறதே, அது பற்றரிக் கூட்டின் தகட்டையும் விடாது. பச்சையாகப் பூத்திருந்தால் ஐசோபுறொப்பைல் அல்ககோலில் துடைத்து, காய்ந்த பின் போடுங்கள். மல்டிமீற்றரில் புதுப் பற்றரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். போட்ட பின் கடிகாரத்தைச் சரிசெய்து, சேமித்ததைத் திரும்ப ஏற்றுங்கள். பின்னர் அணைத்து, வயரைக் கழற்றி, ஓர் இரவு விட்டுக் காலையில் போட்டுப் பாருங்கள். அந்த இரவுதான் உண்மையான சோதனை.

கழற்றிய பழையதை மேசையில் போடாதீர்கள். செத்த பற்றரியிலும் மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். இரு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி.

தம்பியின் மிக்சருக்கு அன்றிரவே பற்றரி மாற்றினேன். காசு எடுக்கவில்லை. எடுக்க முகமுமில்லை. போர்ட்டில் ஒரு பழுதும் இருக்கவில்லை. மறுநாள் காலை செட்டிங் அப்படியே நின்றது. அவர் அந்தக் கல்யாண வீட்டாரிடம் வாடகையில் பாதியை விட்டுக்கொடுத்திருந்தார், அதில் என் பங்கைக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு என் கடையில் பாவித்த மிக்சர் எது வந்தாலும் மூடியைத் திறக்காமல் விற்பதில்லை. பற்றரியை மாற்றித் திகதியெழுதிய துண்டை அடியில் ஒட்டுகிறேன், அதையே பில்லிலும் எழுதுகிறேன். திகதி தெரியாமல் வாங்குபவர் விலை பேசும்போதே கேட்க வேண்டும். விற்பவர் தடுமாறினால் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். வாடகைக்கு விடுபவர்கள் நோன்பு மாதத்தில் வேலை குறைவாக இருக்கும்போது இதைச் செய்துகொள்ளலாம்.

தம்பியின் மிக்சரின் அடியில் 2022 மார்ச் என்று எழுதியிருக்கிறது. 2027 பிறந்தவுடன், திரையில் எதுவும் வராவிட்டாலும், கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.