உணவுப் பொட்டலமும் அடையாள அட்டையும்

தீவிர வலதுசாரிக் கட்சி என்றதும் தடியும் கொடியும்தான் நம் நினைவுக்கு வரும். கிரேக்க நாட்டின் 'பொன் விடியல்' கட்சியைப் பற்றிப் படித்தபோது என்னை உறுத்தியது வேறொன்று: உணவுப் பொட்டலம்.

2009 பொதுத்தேர்தலில் இக்கட்சி பெற்றது 0.29 விழுக்காடு வாக்குகளே. அடுத்து வந்த கடன் நெருக்கடியில் சம்பளமும் ஓய்வூதியமும் குறைக்கப்பட்டன, வேலையின்மை பெருகியது. அக்காலத்தில் இக்கட்சியினர் ஏதென்ஸ் நகரில் உணவு வழங்கினர். ஆனால், அடையாள அட்டை காட்டிய கிரேக்கருக்கு மட்டுமே! 2012 மே தேர்தலில் ஏறத்தாழ 7 விழுக்காடு வாக்குகளும் 21 இடங்களும் கிடைத்தன. அடுத்த மாதமே இவர்கள் பெராமாவில் எகிப்திய மீனவர்களின் வீட்டை இரவில் தாக்கினர்.

2013 ஜனவரியில், சைக்கிளில் வேலைக்குச் சென்ற பாகிஸ்தானியத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றவரின் வீட்டில் இக்கட்சியின் துண்டறிக்கைகள் இருந்தன. அப்போதும் தலைமையை எவரும் தொடவில்லை. செப்டம்பரில் பாவ்லோஸ் ஃபிசாஸ் என்னும் கிரேக்கப் பாடகரைக் கட்சிக்காரர் ஒருவர் குத்திக் கொன்றார். அதன் பிறகே தலைவர்கள் கைதாயினர். 2020 அக்டோபர் 7ஆம் நாள் நீதிமன்றம் இக்கட்சித் தலைமையைக் குற்றக் கும்பல் எனத் தீர்ப்பளித்தது.

பசித்தவர் வரிசையில் "நீ எந்த இனம்?" என்ற கேள்வி எழும் அன்றே விழித்துக்கொள்ள வேண்டும். நான் கற்ற பாடம் இதுவே.